ஏலம் போன இருபத்தோரு கிலோமீட்டர்

பசியாவரத்து மோகன்குமாருக்கு ஓட வேண்டும் என்ற எண்ணம் கனவிலும் வந்ததில்லை. அவன் ஓட வைக்க நினைத்தது தன் மச்சான் பெரியசாமியை.

பெரியசாமி, மோகனின் மனைவி கீதாவுக்கு அண்ணன். நல்ல பாரியான உடம்பு. அவர் படகில் ஏறினால் யாரும் சொல்லாமலே நாலு பேர் எதிர்ப்பக்கம் நகர்ந்து உட்காருவார்கள். வலை இழுப்பதில் ஊரில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் நடை என்றால் டீக்கடை வரைக்கும்தான். அதிலும் திரும்பி வரும்போது யாருடைய சைக்கிளாவது கிடைக்குமா என்று பார்ப்பார். அப்பேர்ப்பட்ட மனிதர் அரை டிராயர் மாட்டிக்கொண்டு ரோட்டில் ஓடி வருகிற காட்சி ஒருநாள் மதியம் மோகனின் மனதுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகு அவனால் சும்மா இருக்க முடியவில்லை.

அதற்குத் தோதாக ஒரு ஓட்டப் பந்தயம் வந்தது; அதை நடத்தியது ஒரு மருத்துவ அறக்கட்டளை. பசியாவரம் மாதிரி பழவேற்காடு ஏரிக்குள் இருக்கிற ஊர்களுக்கு வாரத்தில் ஒருநாள் அவர்களுடைய வைத்தியப் படகு வரும். டாக்டர் ஷாலினி, ஒரு நர்சம்மா, நாலு மருந்துப் பெட்டி, இவ்வளவுதான் அந்த ஆஸ்பத்திரி. எஞ்சின் மட்டும் அரதப் பழசு. போன மழைக்காலத்தில் மோகனின் தங்கை வினோதினியைப் பிரசவத்துக்கு ஏற்றிக்கொண்டு போகும்போது நடு ஏரியில் நின்றுவிட்டது. ஊர் ஓடக்காரர் சிங்காரம் தன் படகில் கட்டி இழுத்துக் கரை சேர்ப்பதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் பிழைத்தது டாக்டரம்மாவின் கைராசி என்று ஊர் சொன்னது. கைராசியை நம்பி இனி ஏரியில் இறங்க முடியாது, புது எஞ்சின் வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். அந்த எஞ்சினுக்காகத்தான் மாரத்தான். பொன்னேரியில் தொடங்கி பழவேற்காடு ஏரிக்கரை வரை இருபத்தோரு கிலோமீட்டர். சென்னையிலிருந்து கூட்டமாக வந்து ஓடுவார்கள். உள்ளூர்க்காரர் ஒருவர் மூன்று மணி நேரத்துக்குள் ஓடி முடித்தால், ஊர் எவ்வளவு சேர்க்கிறதோ அதே அளவு தானும் தருவதாகச் சென்னைக் கம்பெனி ஒன்று வாக்குக் கொடுத்திருந்தது.

மோகன் கைபேசியில் பதிவுப் படிவத்தைத் திறந்தான். பெயர்: பெரியசாமி. பனியன் அளவு: மூன்று எக்ஸ்.எல். முன் அனுபவம் உண்டா என்ற கேள்விக்கு ‘சிறுவயது முதல்’ என்று போட்டான். கைபேசி எண் கேட்டபோது தன்னுடையதையே கொடுத்தான். அங்கேதான் சறுக்கினான்.

மறுநாள் போன் வந்தது.

“பெரியசாமி சாருங்களா?”

மோகன் குரலைத் தொண்டைக்குள் இறக்கிக்கொண்டான். “ஆமாம்மா, பெரியசாமிதான் பேசுறேன்.”

“மோகன்,” என்றார் டாக்டர் ஷாலினி, “போன வாரம் பல்வலின்னு இதே நம்பர்ல இருந்துதான் என்கிட்ட அழுதீங்க.”

அந்த வெள்ளிக்கிழமை வைத்தியப் படகு வந்தபோது, மருந்துக்கு வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி டாக்டரம்மா கைத்தட்டிச் சொன்னார்: “நம்ம ஊர் சார்பா ஓடப்போறது மோகன்குமார். தானாவே பேர் குடுத்திருக்காரு.” வரிசையில் கைக்குழந்தையோடு வினோதினி நின்றிருந்தாள். அண்ணனைப் பார்த்து அவள் கண் கலங்கிவிட்டது. மருந்துச் சீட்டோடு நின்ற பெரியசாமி மட்டும் மோகனை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தார். தங்கையின் கண்ணைப் பார்த்த பிறகு மோகனால் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

ஆனாலும் முயன்று பார்த்தான். கடற்கரை மணலில் இரண்டாம் நாள் ஓடிவிட்டு வந்து இடது காலை இழுத்து இழுத்து நடந்தான். கீதா இறால் ஆய்ந்துகொண்டே பார்த்தாள்.

“நேத்து வலது காலுதானே நொண்டுச்சு?”

மோகன் காலை மாற்றிக்கொண்டான்.

“ஓடு,” என்றாள் கீதா. “காலையில சோறு ஆக்குறதுக்குள்ள திரும்பி வா.”

ஓடுவது ஒரு பக்கம். பணம் சேர்ப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. மோகன் உண்டியலைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனான். ஒருவரும் ஒரு ரூபாய் போடவில்லை. “இதுவும் உன் வேலைதானேடா?” என்று கேட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. சிங்காரம் படகிலேயே தூங்கிப்போன ஒரு மத்தியானம் அவருடைய குறட்டையைப் பதிவு செய்து, மறுநாள் ஓடத்துறை ஒலிபெருக்கியில், “படகு புறப்படத் தயாராக உள்ளது” என்ற அறிவிப்போடு சேர்த்துப் போட்டவன் மோகன். இருசம்மாள் வீட்டில் இன்று மதியம் எல்லாருக்கும் நண்டுக் குழம்பு என்று கோயில் மைக்கில் சொல்லி, பாத்திரமும் கையுமாகப் பாதி ஊரை அவள் வாசலில் நிறுத்தியவன் மோகன். சினிமா கதாநாயகி ஷூட்டிங்குக்கு வருகிறாள் என்று கதை கட்டி, விக்கி உள்பட ஊரின் கல்யாணமாகாத பையன்கள் எல்லாரையும் வெள்ளைச் சட்டையும் பவுடருமாகத் துறையில் காத்துக் கிடக்க வைத்தவனும் அவனே. படகிலிருந்து இறங்கியது ஆட்டுக்கு ஊசி போட வந்த கால்நடை டாக்டர். இத்தனையும் செய்தவன் உண்டியலோடு வந்து நின்றால் எவன் நம்புவான்?

வழி கண்டுபிடித்தது ஜமுனா. மீன் இறங்குதுறையில் ஏலம் விடுகிறவள். அவள் குரலுக்கு மைக் தேவையில்லை. மோகனின் காலி உண்டியலைக் குலுக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“துட்டு குடுன்னா எவனும் குடுக்க மாட்டான், மோகனு. உன்னப் பழிவாங்க ஒரு சான்ஸ் குடுக்குறேன்னு சொல்லு, அண்டாவ அடகு வெச்சாவது குடுப்பான். உன் கிலோமீட்டர ஏலத்துல வுட்றேன்.”

“கிலோமீட்டர வாங்கி இன்னாக்கா பண்ணுவாங்க?”

“வாங்குறவன் சொல்ற மாதிரி நீ அந்தக் கிலோமீட்டர ஓடணும். எப்படின்னு என் காதுல மட்டும் சொல்லட்டும். அந்த எடம் வந்தப்புறம்தான் நான் வாயத் தொறப்பேன்.”

மோகனுக்கு இதில் வசமாக மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்தது. அதே சமயம், இந்த யோசனை தனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

ஏலம் நடந்த காலை, துறையில் மீனைச் சீண்ட ஆளில்லை. ஜமுனா கவிழ்த்துப் போட்ட ஐஸ் பெட்டிமேல் ஏறி நின்றாள். “அடிபடக் கூடாது, அவுத்துப் போடக் கூடாது, ரோட்ட வுட்டு எறங்கக் கூடாது. இது மூணத் தவிர எது வேணா சொல்லலாம். வாங்க, வாங்க! மொதல் கிலோமீட்டர், ஃப்ரெஷ்ஷான கிலோமீட்டர், ஆள் இன்னும் வேர்க்கக்கூட இல்ல!” சிங்காரம்தான் முதலில் கையைத் தூக்கினார். அதற்குப் பிறகு கூச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. பையன்கள் கூட்டுச் சேர்ந்து ஒன்று எடுத்தார்கள். இருசம்மாள் ஒன்று எடுத்தாள். நண்டு வாங்க வந்திருந்த ஆரம்பாக்கத்து வியாபாரி மாணிக்கமும் ஒன்று எடுத்தார். அவரிடம் மோகன், நகப்பூச்சு அடித்த நண்டை ‘செங்கால் நண்டு, புது ஜாதி’ என்று சொல்லி விற்றிருந்தான். கீதாகூட ஒன்று எடுத்தாள். கட்டிய பெண்டாட்டியே ஏலம் கேட்பதைப் பார்த்து மோகன் வாயைப் பிளந்தான். வாங்கிய ஒவ்வொருவரும் ஜமுனாவின் காதில் ஏதோ சொன்னார்கள். ஒவ்வொன்றுக்கும் ஜமுனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

கடைசிக் கிலோமீட்டருக்கு மட்டும் போட்டியில்லை. பெரியசாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றார். மற்றவர்கள் கையை இறக்கிக்கொண்டார்கள். அவர் ஜமுனாவின் காதில் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. மோகனைப் பரிதாபமாகப் பார்த்தாள். அவனுக்கு அதுதான் உறுத்தியது.

ஓட்டத்தன்று விடியற்காலையில் பொன்னேரியே கலர் கலராக இருந்தது. சென்னைக்காரர்கள் ஒற்றைக் காலில் நின்று தசையை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். கையில் கடிகாரம், இடுப்பில் தண்ணீர் பாட்டில், வெயில் வருவதற்கு முன்பே கறுப்புக் கண்ணாடி. மோகன் தன் ரப்பர் பூட்சை வீட்டில் விட்டுவிட்டு, அறக்கட்டளை கொடுத்த பச்சை ஷூவில் நின்றிருந்தான். பின்னால் ஒரு ஷேர் ஆட்டோ. அதில் ஜமுனாவும், கீதாவும், சிங்காரமும், மடியில் ஏதோ ஒரு பெரிய சட்டியோடு இருசம்மாளும். டாக்டரம்மா அந்த ஆட்டோவுக்கு அனுமதிக் கொடி ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார். பையன்கள் நாலு பைக்கில் வந்திருந்தார்கள்.

கொடி அசைந்தது. ஜமுனாவின் குரல் பொன்னேரி பஜாரையே எழுப்பியது. “மொதல் கிலோமீட்டர்! வாங்கினவரு சிங்காரம் அண்ணன்! குறட்டை வுட்டுகினே ஓடணும்!”

மோகன் குறட்டை விட்டான். முதலில் சன்னமாக விட்டான். ஆட்டோவிலிருந்து சிங்காரம் எட்டிப் பார்த்து, “என் குறட்டை அவ்ளோதானா? நல்லா வுடுடா!” என்றார். மோகன் அடிவயிற்றிலிருந்து எடுத்துவிட்டான். பக்கத்தில் ஓடிய ஒரு பெண் பயந்து விலகினாள். கறுப்புக் கண்ணாடிக்காரர் ஒருவர் ஓட்டத்தை நிறுத்தி, “இவருக்கு மூச்சுத் திணறுது, யாராவது வாங்க!” என்று கத்தினார். ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. அதிலிருந்து ஊழியர்கள் இருவர் ஆக்சிஜன் குழாயோடு இறங்கி அவன் கூடவே ஓடினார்கள். நின்று விளக்கம் சொல்லலாம் என்றால் குறட்டையை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் கிலோமீட்டர் செல்லாது. மோகன் குறட்டைக்கு நடுவே கையை ஆட்டி ஆட்டி ஆம்புலன்ஸை விரட்டினான். டாக்டர் ஷாலினி ஸ்கூட்டரில் வந்து, “ஒண்ணுமில்ல, அது நன்கொடை,” என்று சொல்லி அவர்களை அனுப்பினார்.

அடுத்தடுத்து வந்தவை பரவாயில்லை. ஒரு கிலோமீட்டர் முழுக்க எதிரே வந்த ஒவ்வொரு மாட்டுக்கும் வணக்கம் சொன்னான். ஒன்றில் தன்னைத் தானே பெயர் சொல்லித் திட்டிக்கொண்டு ஓடினான். வினோதினி ஒரு கிலோமீட்டர் வாங்கியிருந்தாள். “அண்ணன் இஷ்டம்போல ஓடட்டும்” என்பது அவள் உத்தரவு. ஜமுனாவுக்கு அது ஏமாற்றமாக இருந்தது.

மெதூர் தாண்டியதும் கீதாவின் கிலோமீட்டர் வந்தது. உத்தரவு: வாயைத் திறக்கக் கூடாது.

மோகன் சிரித்தான். இவ்வளவுதானா? ஐம்பது அடி போனதும், கூடப் படித்த ஜோயல் ரோட்டோரத்தில் நின்று, “டேய் மோகனு! நீயா? யார்கிட்ட துட்டு வாங்கிட்டு ஓடுற?” என்று கேட்டான். பதில் நாக்கு நுனி வரை வந்தது. நல்ல பதில். பத்து வருஷத்துக்கு ஊர் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கும். மோகன் உதட்டைக் கடித்து அதை விழுங்கினான். அடுத்து ஒரு டீக்கடைக்காரர் வம்புக்கு இழுத்தார். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை, “அங்கிள், உங்க ஷூ மாத்திப் போட்டிருக்கீங்க,” என்றது. எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. எல்லாம் உள்ளேயே வெந்தது. கிலோமீட்டர் முடிந்தபோது அவன் முகம் சிவந்து கண் பிதுங்கியிருந்தது. குறட்டையில் போன மூச்சைவிட இதில் அதிகம் போய்விட்டது. ஆட்டோவில் கீதா கண்ணை மூடி நிம்மதியாகச் சாய்ந்திருந்தாள். கல்யாணமாகி இவ்வளவு அமைதியாக ஒரு கிலோமீட்டர் அவளுக்கு வாய்த்ததேயில்லை.

சிக்கல் மாணிக்கத்தால் வந்தது. திருப்பாலைவனத்துக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் சிவப்பு நகப்பூச்சுப் புட்டி.

“உக்காருப்பா,” என்றார். “பத்து வெரலும் பூசிக்கினுதான் இந்தக் கிலோமீட்டர ஓடணும். புது ஜாதி ஆளு மாதிரி இருக்கணும்.”

ஒவ்வொரு விரலாகப் பூசினார். ஊதினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இரண்டாவது பூச்சும் பூசினார். தள்ளாடி வந்த தாத்தா ஒருவர்கூட மோகனைத் தாண்டிப் போனார். டாக்டர் ஷாலினி ஸ்கூட்டரை நிறுத்திக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஆட்டோவுக்கு வந்தார்.

“ஜமுனாக்கா, இப்படியே போனா மோகன் மூணு மணி நேரத்துக்குள்ள போக மாட்டாரு. கம்பெனி குடுக்கிறதா சொன்ன பணம் வராது. பாதி எஞ்சின்தான் வாங்க முடியும்.”

ஆட்டோவில் இருந்தவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். பாதி எஞ்சினை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

“மீதி எல்லாத்தையும் ரத்து பண்ணிடலாமா?” என்றார் டாக்டர்.

ஜமுனாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “வித்த சரக்க எப்டிம்மா ரத்து பண்றது? என் ஏலத்துல ஒருநாள்கூட அப்டி நடந்ததில்ல. வாங்கினது வாங்கினதுதான். சொன்னது சொன்னதுதான்.” கொஞ்சம் யோசித்தாள். “ஆனா, சொல்லாதது சொல்லாததுதான்.”

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. ஆட்டோவிலும் பைக்குகளிலும் தலைகள் கூடின. குசுகுசுவென்று பேச்சு. இதுவரை மோகன் ஒருவனிடம் மட்டும் இருந்த கோணல் புத்தி, அன்று திருப்பாலைவனம் ரோட்டில் பசியாவரம் முழுவதற்கும் தொற்றிக்கொண்டது.

அடுத்து பையன்களுடையது. வெள்ளைச் சட்டை, வேட்டி, மல்லிகை மாலை, கண்ணாடி, பவுடர், செண்டு என்று முழு அலங்காரத்தோடு ஓட வேண்டும் என்பது உத்தரவு. நின்று உடுத்தினால் கால்மணி நேரம் போகும். ஆனால் நின்று உடுத்த வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே! ஆறு பையன்கள் மோகனோடு ஓடினார்கள். விக்கி ஒரு கையில் சட்டைக் கையை மாட்டினான். இன்னொருவன் மறு கையில் மாட்டினான். ஒருவன் முன்னால் திரும்பி ஓடியபடியே முகத்தில் பவுடரைக் கொட்டினான். வேட்டியை ஓடுகிற காலில் கட்ட முடியாமல் தலையில் முண்டாசாகக் கட்டிவிட்டார்கள். “வேட்டி இருக்கணும்னுதான் சொன்னோம், எங்க இருக்கணும்னு சொல்லல!” என்று விக்கி கத்தினான். வேர்வையில் பவுடர் குழைந்து மோகனின் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர்போல ஆயிற்று. சிவந்த நகம், மாலை, முண்டாசு. எதிரே வந்த பேருந்திலிருந்த ஒரு அம்மா அவனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அதற்கடுத்து இருசம்மாள். குழம்புச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஓட வேண்டும், சட்டி விழக் கூடாது. சட்டியிலோ ததும்பத் ததும்ப நண்டுக் குழம்பு. அன்றைக்கு ஊர் கேட்டு வந்ததே, அது.

“சின்னம்மா,” என்றான் மோகன் மூச்சிரைக்க, “இத வெச்சின்னு நடக்கக்கூட முடியாது.”

இருசம்மாள் ஆட்டோவை விட்டு இறங்கினாள். தண்ணீர்ப் பந்தலில் சென்னைக்காரர்கள் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார்கள். “சட்டியத் தூக்கணும்னுதான சொன்னேன், கொழம்பத் தூக்கணும்னா சொன்னேன்?” என்று கேட்டுவிட்டு, பக்கத்துக் கடை இட்லிகளை அப்படியே வளைத்துப்போட்டு, கரண்டி கரண்டியாகக் குழம்பை ஊற்றினாள். கறுப்புக் கண்ணாடிக்காரர் ஒரு வாய் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். அதற்குப் பிறகு அவர் அன்று ஓடவில்லை. சட்டி ஒரு நொடியில் காலியானது. மோகன் அதைக் கவிழ்த்துத் தலையில் மாட்டிக்கொண்டு பறந்தான். காதோரம் குழம்பு வழிந்தது.

இப்படியாகக் கடைசிக் கிலோமீட்டருக்கு வந்து சேர்ந்தபோது ஏரிக்காற்று முகத்தில் அடித்தது. மோகனின் கால்கள் அவன் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டிருந்தன. நேரம் இன்னும் கொஞ்சம் இருந்தது, அதிகமில்லை. ரோட்டின் நடுவே லுங்கியோடு, கையைக் கட்டிக்கொண்டு பெரியசாமி நின்றிருந்தார்.

ஜமுனா குரலை இறக்கினாள். அவள் இறக்கிய குரலும் ரோடு முழுக்கக் கேட்டது. “கடைசிக் கிலோமீட்டர். வாங்கினவரு பெரியசாமி அண்ணன். பின்னாடியே ஓடணும்.”

யாரும் சிரிக்கவில்லை. இருபது கிலோமீட்டர் ஓடியவனை முதுகுப் பக்கமாக ஓடச் சொன்னால் எப்படி ஓடுவான்? மோகன் மச்சானைப் பார்த்தான். அவர் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. சரி என்று திரும்பி நின்று பின்பக்கமாக நாலு எட்டு வைத்தான். ஐந்தாவது எட்டில் கால் பின்னிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

“அண்ணே, வுட்றுண்ணே,” என்றாள் கீதா. “எஞ்சினுக்காகவாவது வுட்று.”

பெரியசாமி மெதுவாக நடந்து வந்து மோகனின் எதிரே நின்றார்.

“பனியன் சைசு இன்னா போட்ட?”

மோகனுக்குப் புரியவில்லை. “இன்னா மச்சான்?”

“என் பேர்ல எழுதிக் குடுத்தியாமே, டாக்டரம்மா சொன்னாங்க. பனியன் சைசு.”

“மூணு எக்ஸ்.எல்.”

“நான் ரெண்டுடா,” என்றார் பெரியசாமி. உண்மையாகவே மனம் நொந்திருந்தது அந்தக் குரலில். “ஓடச் சொன்னதுகூடப் பரவால்ல. ரெண்டு எக்ஸ்.எல். ஆளப் போய் மூணுன்னு ஊருக்கெல்லாம் சொல்லலாமா?”

“தப்புதான் மச்சான்.”

“ம்.” அவர் லுங்கியை மடித்துக் கட்டினார். செருப்பைக் கழற்றி ஆட்டோவுக்குள் போட்டார். “எழுந்திரு. உன்ன யாரு திரும்பிக்கினு ஓடச் சொன்னது? பின்னாடி ஓடணும்னேன். என் பின்னாடி. வா.”

சொல்லிவிட்டு ஓட ஆரம்பித்தார்.

ஜமுனாதான் முதலில் கையைத் தட்டினாள். பிறகு எழுந்த கூச்சலில் ஏரியில் நின்ற நாரைகள் கிளம்பின. மோகன் எப்படி எழுந்தான் என்று அவனுக்கே தெரியாது. மச்சானின் அகன்ற முதுகு முன்னால் ஆடிக்கொண்டு போனது. காற்று அதைத் தாண்டி வரவில்லை. அந்த நிழலிலேயே அவன் ஓடினான்.

பாதி வழியில் புது ஆபத்து வந்தது. பெரியசாமிக்கு மூச்சு வாங்கியது. ஓட்டம் நடையாயிற்று. மோகன் அவரைத் தாண்டிப் போகலாம் என்றால், பின்னாடியே ஓடணும் என்பது உத்தரவு!

“மச்சான், ஜல்தி!”

“தள்ளுடா மாப்ள,” என்றார் பெரியசாமி. “மணல்ல மாட்டின படகத் தள்ளுற மாதிரி தள்ளு!”

மோகன் சிவப்பு நகக் கைகள் இரண்டையும் மச்சானின் முதுகில் வைத்துத் தள்ளினான். பழவேற்காடு கடைத்தெருவே கைத்தட்டியது. சிங்காரம் வழக்கமாகப் படகு தள்ளும்போது போடும் சத்தத்தைப் போட, ஆட்டோவும் பைக்கும் திருப்பிச் சொல்லின. அந்தத் தாளத்துக்கே கால்கள் விழுந்தன. கரையில் கட்டியிருந்த ரிப்பனைப் பெரியசாமியின் வயிறு முதலில் தொட்டது. பின்னாலேயே மோகன், அவர்மேல் விழுந்தபடி. ஓட்ட நேரம் காட்டிய பெரிய கடிகாரம் மூன்று மணி நேரத்தைத் தொட இன்னும் சற்றுப் பாக்கி இருந்தது.

டாக்டர் ஷாலினி ஓடி வந்து இருவருடைய நாடியையும் பிடித்துப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தலையில் சட்டி பதிந்த தடத்தோடு கிடந்த மோகனைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தவர், வினோதினி பிள்ளையோடு வந்து பக்கத்தில் நிற்பதைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மோகன் மண்ணில் மல்லாந்து கிடந்தான். இனி ஒருநாளும் ஓடக் கூடாது, யாரையும் ஓட வைக்கவும் கூடாது என்று மனதார நினைத்தான். அப்போது பார்த்து ஒரு பத்திரிகைக்காரர் மைக்கை நீட்டினார்.

“உங்களுக்கு முன்னாடி ஓடி வந்தாரே, நம்பர் இல்லாம, லுங்கியில... அவர் யாரு?”

கை கால் அசையவில்லை. ஆனால் நாக்கு அசைந்தது. “அவரா சார்? எங்க கோச். பெரியசாமி சார். செருப்பில்லாமத்தான் ட்ரெயினிங் குடுப்பாரு. பெரிய பெரிய ஆளுங்கள உருவாக்கி இருக்காரு, வெளிய சொல்லிக்க மாட்டாரு.”

மறுநாள் அது பேப்பரில் படத்தோடு வந்துவிட்டது.

கம்பெனி சொன்னபடி கொடுத்தது. அடுத்த மாதமே புது எஞ்சின் வந்தது. பசியாவரத் துறையில் அதன் சத்தம் கேட்டபோது, இவ்வளவு சன்னமாக ஒரு எஞ்சின் ஓடுமா என்று சிங்காரம் மூடியைத் திறந்து பார்த்தார். மோகன் அதற்குள் படி இறங்கும் அளவுக்குத் தேறியிருந்தான்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில், சிங்காரத்தின் ஓடத்திலிருந்து ஐந்து பேர் இறங்கினார்கள். கலர் பனியன், கைக்கடிகாரம். அவர்களில் குழம்புக்குக் கண்ணாடியைக் கழற்றியவரும் இருந்தார்.

“கோச் பெரியசாமி சார் வீடு எது?”

பெரியசாமி கரையில் வலையை இறக்கிக்கொண்டிருந்தார். அன்று அவருடைய பாடு. ஏரியில் வலை போடும் முறை அவருக்கு வந்திருந்தது. வலை இழுக்க இரண்டு ஆள் வேறு வரவில்லை. மோகன் படகு மறைவில் நின்று, வாயைப் பொத்திக்கொண்டு வேடிக்கை பார்த்தான். பெரியசாமி அந்த ஐந்து பேரையும் பார்த்தார். படகு மறைவையும் ஒருமுறை பார்த்தார். சத்தம் போடப் போகிறார் என்று மோகன் காத்திருந்தான்.

“ஷூவக் கழட்டுங்க,” என்றார் பெரியசாமி. “மொதல்ல கை. கை சரியா இருந்தாத்தான் காலு ஓடும். எல்லாரும் இந்தக் கயித்தப் புடிங்க.”

ஐந்து பேரும் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினார்கள். பெரியசாமி கரையில் நின்று, இழு, நிறுத்து, மூச்ச வுடு, இழு என்று உத்தரவு போட்டார். வலை வந்து சேர்வதற்குள் அவர்கள் உள்ளங்கையில் கொப்புளம் வந்துவிட்டது. மடவை மீன் நன்றாக விழுந்திருந்தது. ஆளுக்கொரு பை மீனைக் கொடுத்து அனுப்பினார். ஓடத்தில் ஏறும்போது கண்ணாடிக்காரர் பணிவாகக் கேட்டார்: “காலுக்கான பயிற்சி எப்போ சார்?”

“அது ஆறு மாசம் கழிச்சு,” என்றார் பெரியசாமி, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். “அடுத்த பாடு வர்ற நாள சொல்லி அனுப்புறேன். ஃப்ரெண்ட்ஸுங்களையும் கூட்டினு வாங்க.”

அவர்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். பெரியசாமி வலையை உதறிக் காயப்போட்டார். மோகன் படகு மறைவிலிருந்து மெல்ல வெளியே வந்தான். பதினைந்து வருஷமாகத் தான் ஏமாற்றிக்கொண்டிருந்ததாக நினைத்த ஆளை, இன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

அவனுக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.